பூஞ்சிட்டுல ஜெயிச்சது பெரிய மாட்டுல ஓடுமா

மீன்பிடித் தடைக்காலம் வந்துட்டா எங்க ஐஸ் கம்பெனில எனக்கு வேலை பாதியாயிரும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மண்டபம் கடற்கரைல எல்லாம் வரிசையா கட்டிக் கெடக்கும், நாட்டுப்படகுக்காரவுக மட்டும் வந்து ஐஸ் ரெண்டு பார் மூணு பார்னு வாங்கிட்டுப் போவாக, அதுக்கு ஒரு டேங்க் ஓடுனா போதும். மிச்ச டேங்கெல்லாம் தொறந்து போட்டு கேன்ல ஓட்டை அடைக்கிறது, கம்ப்ரசருக்கு ஆயில் மாத்துறது, துரு சுரண்டி பெயிண்ட் அடிக்கிறதுன்னு பகல் போயிரும். ரவைக்கு வாசல்ல கட்டில இழுத்துப் போட்டு, கடக்காத்து வாங்கிக்கிட்டே போன்ல நான் பாக்குறது ஐஸ் டான்ஸ், அதாவது ஒரு ஆணும் ஒரு பொண்ணும் ஜோடியா, அடியில கத்தி வச்ச ஷூவப் போட்டுக்கிட்டு ஐஸ் தரைல ஆடுற போட்டி.

ஐஸ் கம்பெனிக்காரன் ஐஸ் டான்ஸ் பாக்குறான்னு சிரிக்கிறவுக சிரிச்சுக்கங்க, எங்க வீட்ல சிரிச்சு ஓஞ்சு பத்து வருசம் ஆச்சு.

இது எப்படிப் பிடிச்சுச்சுன்னா, 2010ல நான் ஐடிஐல ரெஃப்ரிஜிரேஷன் படிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க சார் ஒரு நாள் ஐஸ் ரிங்க், அதாவது சறுக்கி ஆடுற ஐஸ் தரை, எப்படி வேலை செய்யுதுன்னு படம் போட்டுக் காமிச்சாரு. நம்ம கம்பெனில உப்புத்தண்ணி டேங்குக்குள்ள கேன எறக்கி ஒரு ராத்திரி ஒரு பகல் விட்டா பார் கட்டுது, ரிங்க்ல அதே குளிர்ந்த உப்புத்தண்ணிய தரைக்கு அடியில பைப்புல ஓடவிட்டு மேல தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சு ஒன்னு ஒன்றரை இஞ்ச் கனத்துக்கு ஐஸ் கட்டவைக்கிறாக, கணக்கு ஒன்னுதான். அதைத் தேடி பிரவுசிங் சென்டர்ல உக்காந்தப்ப வான்கூவர் ஒலிம்பிக்ஸ் கிளிப் ஒன்னு வந்துச்சு, பாத்தா ஒரு அமெரிக்க ஜோடி ஹிந்திப் பாட்டுக்கு ஆடுது, பாவாடை மாதிரி ஒரு ட்ரெஸ், கையில முத்திரை எல்லாம் வச்சு. மெரில் டேவிஸ், சார்லி வைட். அந்த வருசம் அவங்களுக்கு வெள்ளி, தங்கம் வாங்குனது கனடாவோட டெஸ்ஸா வர்ச்சு, ஸ்காட் மோய்ர். ரெண்டு ஜோடிக்கும் அப்ப ஒரே ரிங்க், ஒரே கோச்சுங்கங்கிறத அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். நாலு வருசம் கழிச்சு 2014ல சோச்சில டேவிஸ் வைட்டுக்குத் தங்கம், வர்ச்சு மோய்ருக்கு வெள்ளி, 2018ல மறுபடி வர்ச்சு மோய்ருக்குத் தங்கம். இந்தக் கதைதான் என்னைய உள்ள இழுத்துச்சு.

சரி விசயத்துக்கு வர்றேன். போன ஞாயித்துக்கெழமை சாயல்குடிக்கு அங்கிட்டு இருக்குற மாமா ஊருக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு மாட்டுவண்டிப் பந்தயம்தான் உசுரு. பந்தயம் தெரியாதவுகளுக்காகச் சொல்றேன், எங்க பக்கம் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிச்சு ஓட்டுவாக. பூஞ்சிட்டுங்கிறது சின்னக் கன்னுக. தூரமும் கம்மி, பெரிய மாட்டுக்கு வைக்கிறதுல பாதிதான் இருக்கும். மாமா வேப்பமரத்தடில மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வச்சுட்டு வந்து எம்பக்கத்துல உக்காந்து போன எட்டிப் பாத்தாரு.

"என்ன மாப்ள, ரெண்டும் கையப் புடிச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி வருதுக, இதுல யாரு ஜெயிக்கிறது யாரு தோக்குறது?"

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் மாமா. ஜோடியா சேந்து மத்த ஜோடிகள ஜெயிக்கணும்."

"அப்ப நம்ம வண்டி மாதிரின்னு சொல்லு."

அதுக்கு மேல நான் வெளக்க வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு. அத்தைதான் உள்ளேர்ந்து வந்து ஒரு நிமிசம் பாத்துட்டு, "ஏப்பு, அந்தப் புள்ளைக்குக் குளிராதா, இம்புட்டுத் துணியோட நிக்கிது"ன்னாங்க. அதுல பாதி தோல் கலர்ல இருக்குற வலைத்துணிதான் அத்தைன்னேன், நம்பல.

மாமா கேட்டது இதுதான். "இந்தச் சின்னஞ்சிறுசுக நல்லா ஆடுதுகளே, இதுக பெரிய ஒலிம்பிக்ல ஜெயிக்குமா?" அவரு கைகாட்டுனது செக் நாட்டு ஜோடி, கேட்டரினா மிராஸ்கோவா, டேனியல் மிராஸெக். கூடப் பொறந்தவங்க. 2023ல ஜூனியர் உலக சாம்பியன். நான் அன்னைக்கு சட்டுனு பதில் சொல்லல, ராத்திரி பூரா யோசிச்சதத்தான் இங்க எழுதுறேன்.

மொதல்ல ஒன்னு. தனியா ஆடுற சிங்கிள்ஸ்ல ஒரு பொடிப்பய நாலு சுத்துத் தாவல் கத்துக்கிட்டு வந்தான்னா அந்த வருசமே பெரியவங்கள அடிச்சுத் தூக்கிரலாம். ஐஸ் டான்ஸ்ல அது நடக்காது. ஏன்னா இதுல அந்த மாதிரி தாவலே கெடையாது, பொண்ணத் தூக்கி எறியுறது கெடையாது, பேர்ஸ்ங்கிற இன்னொரு ஜோடி ஆட்டத்துல பண்றாப்புல தலைக்கு மேல கைய நீட்டித் தூக்குறதும் கெடையாது. தூக்குறது இருக்கு, சாதா லிஃப்ட்னா ஏழு செகண்டுக்குள்ள எறக்கிறணும், தாண்டுனா மார்க் போகும். மிச்சமெல்லாம் கால்லதான். கத்தியோட ரெண்டு விளிம்புல எந்த விளிம்புல நிக்கிறாங்க, எம்புட்டு ஆழமா சாயிறாங்க, முழங்கால் எம்புட்டு மடங்குது, ரெண்டு பேருக்கும் நடுவுல எம்புட்டு எடம் இருக்கு. டான்ஸ் ஷூவுல கத்தியோட பின்பக்கத்தக் கொஞ்சம் குட்டையாவே வச்சிருப்பாங்க, அம்புட்டு ஒட்டி ஆடுறதால ஒருத்தர் கத்தி இன்னொருத்தர் கால்ல மாட்டிறக் கூடாதுன்னு. இந்த ஒரு விசயம் தெரிஞ்சப்பதான் இந்த ஆட்டத்து மேல எனக்கு மரியாதையே வந்துச்சு. நான் ஐஸ் மேடைல ரப்பர் செருப்போட வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகி ஒரு மாசம் கட்டுப்போட்டவன், தனியா நடந்ததுக்கே அந்தக் கதி.

இந்தக் காலு வேலை ஒரு நாள்ல வராது, ஒரு வருசத்துலயும் வராது. அதனால இங்க வரிசைதான். ரேஷன் கடைல நிக்கிறாப்புல நிக்கணும். முன்னாடி நிக்கிறவுக வாங்கிட்டு வீட்டுக்குப் போனாத்தான் நம்ம பைய நீட்ட முடியும். வரிசைய ஒடைச்சு முன்னாடி போனவுக இல்லாம இல்ல, ஆனா விரல் விட்டு எண்ணிரலாம். பிரான்ஸோட பாபாடாகிஸ், சிஸெரோன் 2014 உலகப் போட்டில 13ஆவது எடம், அடுத்த வருசம் ஷாங்காய்ல முதல் எடம். நடுவுல நடந்தது என்னன்னா கோச்சோட கெளம்பி மாண்ட்ரியாலுக்குப் போயிட்டாங்க. இந்த ஜோடி ஜூனியர்ல தங்கம் வாங்குனதே இல்லைங்கிறதயும் சேத்துக்கங்க, 2013ல வெள்ளிதான். அன்னைக்குத் தங்கம் வாங்குன ரஷ்ய ஜோடி ஸ்டெபனோவா, புகின் நல்ல ஜோடிதான், ஆனா சீனியர்ல உலகப் பட்டமும் வரல ஒலிம்பிக் மெடலும் வரல.

அதே ஷாங்காய்ல முதல் நாள் முடிஞ்சப்ப முன்னாடி இருந்தது அமெரிக்காவோட மேடிசன் சாக், எவன் பேட்ஸ். மறுநாள் போயிருச்சு, வெள்ளி. எல்லாரும் என்ன நெனச்சிருப்பாங்க, அடுத்த வருசம் வாங்கிருவாங்கன்னு. அடுத்த வருசம் வெண்கலம். அப்புறம் வருசக்கணக்கா உலகப் போட்டில மெடலே இல்ல. 2022 ஒலிம்பிக்ஸ்ல டான்ஸ்ல நாலாவது, அது மாதிரி வலிக்கிற எடம் எதுவும் கெடையாது. 2023ல சைதாமால தங்கம். பேட்ஸுக்கு அப்ப 34 வயசு. ஜோடி சேந்தது 2011, பட்டம் 2023, பன்னண்டு வருசம். அதுக்கப்புறம் 2024, 2025ன்னு தொடர்ந்து மூணு. இந்தப் பன்னண்டு வருசத்துல ஒருத்தர் சலிச்சுப்போய் நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்னு கெளம்பிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இதுல இன்னொரு உள்குத்து இருக்கு. இந்த எவன் பேட்ஸ் 2008லயே ஜூனியர் உலக சாம்பியன், ஆனா சாக்கோட இல்ல, எமிலி சாமுவேல்சன்னு வேற பொண்ணோட. 2010 ஒலிம்பிக்ஸுக்கும் அந்தப் பொண்ணோடதான் போனாரு. ஆக ஜூனியர் பட்டம் வாங்குன அந்த ஜோடி இப்ப இல்ல, பட்டம் வாங்குன பையன் மட்டும் வேற நுகத்தடிக்கு மாறி பதினஞ்சு வருசம் கழிச்சு ஜெயிச்சான்.

நுகத்தடின்னதும் மாமா மாட்டு விசயத்தச் சொல்லிர்றேன். போன வருசம் கோயில் திருவிழாவுல மாமாவோட பூஞ்சிட்டு ஜோடி முதல் பரிசு. எங்க பக்கம் அதப் பத்தித்தான் ஒரு மாசம் பேச்சு. பெறகு ஒரு ஆளு வந்து வலத்த மாட்ட மட்டும் கேட்டுருக்காரு. நல்ல வெலை. மாமாவுக்கு அப்ப மக கல்யாணச் செலவு, குடுத்துட்டாரு, இடத்த மாடு இருக்கு, இன்னொன்ன வாங்கிச் சேத்துக்கலாம்னு. சேத்தாரு. நான் போனன்னைக்குச் சாயங்காலம் வண்டியப் பூட்டி மண்ரோட்டுல ஓட்டிக் காமிச்சாரு. புதுசும் நல்ல மாடுதான், தனியாப் பாத்தா பழசவிட எடுப்பா இருக்கு, காலு நீளம். ஆனா பூட்டுனதும் பழைய மாடு கழுத்த வெளிப்பக்கமாத் திருப்பிக்குது. நுகத்தடி ஒரு பக்கம் தூக்கிக்குது. புதுசு ஒரு எட்டு முன்னாடி போக, பழசு அந்த எட்ட இழுத்துப் புடிக்க, சக்கரம் நேராப் போகாம கோணிக்கோணி தடம் விழுந்துருக்கு மண்ணுல. மாமா எறங்கி வந்து பழைய மாட்டுக் கழுத்தத் தடவிக் காமிச்சாரு, அந்தக் காய்ப்பு போன ஜோடியோட ஒசரத்துக்கு உண்டானது, புது ஜோடிக்கு நுகம் வேற எடத்துல ஒக்காருது, அங்க தோல் செவந்து கெடக்கு.

"காய்ப்பு எடம் மாற ஒரு வருசம் ஆகும் மாப்ள. அதுவரைக்கும் பந்தயத்துக்குக் கொண்டுபோனா சிரிப்பாச் சிரிச்சுருவாய்ங்க."

பொண்ணு புள்ளைகள மாட்டோட ஒப்பிடுறானேன்னு யாரும் கோவிச்சுக்காதீங்க. எங்க ஊர்ல மாட்டவிட ஒசத்தியா எதையும் சொல்லத் தெரியாது எங்களுக்கு.

ஜோடி மாத்துறதுல பெரிய கூத்து ரஷ்யாவுல நடந்துச்சு. 2010 ஜூனியர் சாம்பியன் எலெனா இலினிக், நிகிதா கட்சலாபோவ். 2012 ஜூனியர் சாம்பியன் விக்டோரியா சினிட்சினா, ருஸ்லான் ஷிகான்ஷின். முதல் ஜோடி 2014 சோச்சில வெண்கலம் வாங்குச்சு, சின்ன வயசு, ஊரே அடுத்த ஒலிம்பிக் இவங்களுக்குத்தான்னு பேசிக்கிட்டு இருக்கு. அந்த வசந்தத்துலயே பிரிஞ்சாங்க. பிரிஞ்சு என்ன பண்ணுனாங்கன்னா கட்சலாபோவ் சினிட்சினாவோட சேந்துக்கிட்டாரு, விட்டுப்போன இலினிக் விட்டுப்போன ஷிகான்ஷினோட சேந்துக்கிட்டாங்க. நம்ம பக்கம் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குற மாதிரி. மொத வருசம் பாத்தா இலினிக் ஜோடிதான் 2015 ரஷ்ய சாம்பியன், கட்சலாபோவ் ஜோடி தடுமாறுச்சு, எல்லாரும் பாவம் இவன் கெடுத்துக்கிட்டான்னாங்க. ஆனா இலினிக் ஜோடி ரொம்ப நாள் நிக்கல. தடுமாறுன ஜோடி நின்னுச்சு, நின்னு 2021ல ஸ்டாக்ஹோம்ல உலக சாம்பியன், 2022 ஒலிம்பிக்ஸ்ல வெள்ளி. ஏழு வருசம் ஆச்சு காய்ப்பு எடம் மாற.

அப்ப பிரியவே முடியாத ஜோடி யாரு? கூடப் பொறந்தவங்க. அதனாலதான் ஐஸ் டான்ஸ்ல அண்ணன் தங்கச்சி ஜோடி இம்புட்டு. இன்னொரு காரணம் சோகமான காரணம், இந்த வெளையாட்டுக்கு வர்ற பசங்க கம்மி, பொண்ணுங்க நெறைய, ஒரு பையனுக்கு ட்ரையல் வச்சா வரிசைல நிப்பாங்க. வீட்லயே ஒரு அண்ணன் இருந்துட்டா அந்தத் தொல்லை இல்ல.

ஆனா அண்ணன் தங்கச்சின்னா மட்டும் போதாது. அமெரிக்காவோட மாயா, அலெக்ஸ் ஷிபுடானி சீனியர்ல மொத வருசமே, 2011ல, உலக வெண்கலம் வாங்குனாங்க. அப்படி ஒரு ஆரம்பம் யாருக்குக் கெடைக்கும். அடுத்த ரெண்டு வருசமும் எட்டாவது. மறுபடி மேடை ஏற 2016 வரைக்கும் ஆச்சு, 2018ல ஒலிம்பிக் வெண்கலம். அந்த நடு வருசங்கள்ல இவங்க வேற ஆளா இருந்தா பிரிஞ்சிருப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ணுவேன். இதுக்கு நேர் எதிரா ரேச்சல், மைக்கேல் பார்சன்ஸ், அவங்களும் அண்ணன் தங்கச்சி, 2017 ஜூனியர் சாம்பியன். 2019ல தங்கச்சி போதும்னு நிறுத்திட்டாங்க. அண்ணன் என்ன பண்ணுவாரு, கரோலின் கிரீனோட சேந்தாரு. அந்தக் கரோலின் அதுவரைக்கும் ஆடுனது தன்னோட அண்ணனோட! அந்தப் புது ஜோடி 2022ல ஃபோர் கான்டினென்ட்ஸ், அதாவது ஐரோப்பா தவிர மத்த கண்டத்து நாடுகளுக்கு வைக்கிற போட்டி, அந்தப் பட்டம் வாங்குச்சுங்கிறது வேற விசயம்.

இப்ப மாமா கேட்ட கேள்விக்கு வர்றேன். செக் ஜோடிக்கும், அவங்களுக்கு முந்துன வருசம் அதே ஜூனியர் பட்டத்த வாங்குன அமெரிக்க அண்ணன் தங்கச்சி ஊனா பிரவுன், கேஜ் பிரவுனுக்கும் மெடல் ஒன்னுதான். 2022ல பிரவுன் ஜோடி, 2023ல செக் ஜோடி. ஆனா 2026 மிலான் ஒலிம்பிக்ஸுக்குச் செக் ஜோடி போச்சு, பிரவுன் ஜோடி போகல. ஆட்டத்துல அம்புட்டு வித்தியாசமான்னா இல்ல, வரிசைல வித்தியாசம். ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூணு எடம். அமெரிக்காவுல அந்த மூணுக்குச் சாக் பேட்ஸ் ஒன்னு, கரேரா பொனொமரென்கோ ஒன்னு, ஸிங்காஸ் கோலெஸ்னிக் ஒன்னு. இந்த கோலெஸ்னிக் யாருன்னு பாத்தா 2020 ஜூனியர் சாம்பியன், வேற பொண்ணோட! ஸிங்காஸ் அதுவரைக்கும் சிங்கிள்ஸ் ஆடுன பொண்ணு. 2022ல சேந்து நாலு வருசத்துல ஒலிம்பிக்ஸ். நான் மேல சொன்ன வரிசைக் கணக்குக்கு இது கொஞ்சம் ஒதைக்கத்தான் செய்யிது, ஒத்துக்கிறேன், அந்தப் பையன் ஏற்கனவே காய்ச்ச கழுத்து, அதான்னு நான் சமாதானம் சொல்லிக்கிறேன். 2024 ஜூனியர் சாம்பியன் நெசெட், மார்கெலோவும் அமெரிக்காதான், அவங்களும் இதே கூட்டத்துக்குப் பின்னாடி போயி நிக்கணும்.

செக் நாட்டுல அந்த நெரிசல் இல்ல. அங்கயும் முன்னாடி ஒரு கூடப்பொறந்த ஜோடி, டாஷ்லரோவா, டாஷ்லர், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்குப் போனவங்க, அவங்க இருக்காங்க. ஆனா ரெண்டு ஜோடிதான் எதுத்து நிக்கிதுங்கிறதும் அரை டஜன் நிக்கிதுங்கிறதும் ஒன்னா. அப்புறம் பாஸ்போர்ட் தொல்லை கெடையாது. உலகப் போட்டிக்கு ஜோடில ஒருத்தருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தாப் போதும், ஒலிம்பிக்ஸுக்கு ரெண்டு பேருக்கும் வேணும். டானித் பெல்பின்னு ஒரு பொண்ணு, கனடாவுல பொறந்தவங்க, பென் அகோஸ்டோவோட அமெரிக்காவுக்காக ஆடுனவங்க. அமெரிக்கக் காங்கிரஸ்லயே சட்டம் போட்டுத்தான் 2005 டிசம்பர் 31ந்தேதி குடியுரிமை கெடைச்சுச்சு, ரெண்டு மாசத்துக்குள்ள டூரின் ஒலிம்பிக்ஸ்ல வெள்ளி. விசா ஸ்டாம்புக்காக மாசக்கணக்கா ஏஜென்ட் ஆபீஸ் வாசல்ல நிக்கிற கீழக்கரைப் பயலுகளுக்கு இந்தத் தவிப்பு நல்லாப் புரியும். கூடப் பொறந்தவங்கன்னா அந்தச் சோலியே இல்ல.

செக் ஜோடிகிட்ட எனக்குப் புடிக்காததும் ஒன்னு இருக்கு. 2026 ஒலிம்பிக் வருசத்துக்கு ரிதம் டான்ஸ், அதாவது முதல் நாள் ஆட்டம், அதோட தீம் 1990கள். அந்தப் பத்து வருசத்துல ஒலகத்துல எம்புட்டுப் பாட்டு வந்துருக்கு. நம்ம ஊர்ல ஒரு மினி பஸ்ல ஏறுனாலே எறங்குறதுக்குள்ள பத்துப் பாட்டு கேட்டுறலாம். இவங்க பாட்டுல ஒரு பங்கு ஏஐ வச்சுப் பண்ணுனது. ரூல்ல எடம் இருக்கு, தப்பில்ல. ஆனா எனக்கு மனசு ஒட்டல. ஐஸ் டான்ஸ்ல பாட்டு எடுக்குறதுங்கிறது பாதி ஆட்டம், மார்க்லயே காம்போசிஷன், ப்ரசன்டேஷன், ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ்னு மூணு தலைப்பு இருக்கு, அதுல ரெண்டு பாட்டச் சுத்தித்தான். கூடப் பொறந்த ஜோடிக்குக் காதல் கதை எடுக்க முடியாதுங்கிற கஷ்டம் வேற. பாதிப் போட்டிக்காரங்க காதல ஆடுறப்ப இவங்க வேற எதையாவது ஆடி ஜட்ஜ உக்கார வைக்கணும். ஷிபுடானிக கடைசில அத ஜெயிச்சது ரெண்டு பேரும் ஒன்னா இருக்குற அழகையே ஆடித்தான்னு எனக்குத் தோணும்.

இன்னொரு ஆளையும் பாத்து வச்சிருக்கேன், இத்தாலியோட டாலி, லஃபோர்னாரா, 2025 ஜூனியர் சாம்பியன். கூடப் பொறந்தவங்க இல்ல. அங்க குய்னார், ஃபாப்ரின்னு ஒரு ஜோடி 2023, 24, 25ன்னு மூணு வருசம் தொடர்ந்து ஐரோப்பியப் பட்டம் வாங்கி மலை மாதிரி முன்னாடி நின்னுச்சு. அந்த ரெண்டு பேரும் ரொம்ப வருசம் பொறுமையா நின்னு அந்த எடத்துக்கு வந்தவங்கங்கிறதால, பின்னாடி நிக்கிற புள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளயே ஒரு பாடம் இருக்கு. படிக்கிறாங்களான்னு பாக்கணும்.

ஜூனியருக்கும் சீனியருக்கும் நடுவுல மூச்சு விசயமும் இருக்கு. ஃப்ரீ டான்ஸ்ங்கிறது மறுநாள் ஆட்டம். ஜூனியர் ஃப்ரீ டான்ஸ் மூன்றரை நிமிசம், சீனியர் நாலு நிமிசம். அரை நிமிசம்தானேன்னு தோணும். நீங்க ஒரு அம்பது கிலோ ஐஸ் பார கொக்கி போட்டு இழுத்துக்கிட்டு லாரி வரைக்கும் போங்க, கடைசிப் பத்தடிதான் முதுகக் கொல்லும். இவங்க ட்விசில் பண்றத, அதாவது ஒத்தக்கால்ல நின்னு சுத்திக்கிட்டே நகர்றத, ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல ஒரே வேகத்துல பண்ணணும். ஒருத்தர் அரைச் சுத்து பிந்துனாலும் கண்ணுக்குத் தெரிஞ்சிரும். டெக்னிக்கல் பேனல் ரீப்ளே போட்டுப் பாத்து லெவலக் கொறைச்சிருவாங்க. நான் ஒரு சின்ன ஜோடிய எடை போடுறப்ப பாட்டு சவுண்ட நிறுத்திட்டுத்தான் பாப்பேன். லிஃப்ட்டப் பாக்க மாட்டேன், அது கண்ணக் கட்டுற வேலை. லிஃப்ட் முடிஞ்சு பொண்ணு எறங்குற எடத்துல கத்தி தரைல படுறப்ப ஓட்டம் நிக்கிதா, இல்ல அப்படியே வழுக்கிக்கிட்டுப் போகுதான்னு பாப்பேன். நிக்காமப் போச்சுன்னா அந்த ஜோடிய மறக்க மாட்டேன்.

மாமாகிட்ட மறுநாள் காலைல பஸ்ஸுக்குக் கெளம்புறப்ப சொன்னேன். செக் ஜோடி பிரியாது, அதனால நிக்கும், நின்னா ஐரோப்பாவுல மேடை ஏறும், ஒலிம்பிக்ல முதல் அஞ்சுக்குள்ள வரலாம், தங்கம்னு சொல்ல எனக்கு வாய் வரல மாமான்னு. அவரு புது மாட்டுக்கும் பழைய மாட்டுக்கும் ஒரே தொட்டில தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாரு. ரெண்டையும் ராத்திரி பக்கத்துப் பக்கத்துல கட்டிப்போட ஆரம்பிச்சுட்டாராம், வண்டில பூட்டாம, சும்மா. பழசு கொம்ப ஆட்டுது, புதுசு ஒரு வாய் குடிச்சுட்டு ஒதுங்கி நிக்கிது.

"அடுத்த ஒலிம்பிக் எப்ப?"

"2030 மாமா. பிரான்ஸ்ல, ஆல்ப்ஸ் மலைப்பக்கம்."

அவரு விரல மடக்கி எண்ணுனாரு. புது மாட்டோட தாடையப் புடிச்சு ஒதட்டத் தூக்கிப் பாத்தாரு, இப்பத்தான் ரெண்டு பல்லு போட்டுருக்கு.

"அதுக்குள்ள இவன் கடைப்பல்லு சேந்து பெரிய மாட்டுல ஓடிருவான்"னாரு. அப்புறம் பழைய மாட்டத் திரும்பிப் பாத்துட்டு, "இவன் மனசு வச்சா"ன்னாரு.